குடை நிழலில் எடுத்த அளவு

எண்பதுகளின் கடைசியில், மோகனூர் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்குத் தானாக விளக்கைப் போடும் பெட்டி செய்து கொடுத்தேன். பொழுது மங்கியதும் பல்பு எரிந்தால்தான் கோழிகள் தொடர்ந்து தீவனம் எடுக்கும், முட்டை குறையாது. பெட்டிக்குள் மைக்ரோகன்ட்ரோலர், மேலே ஒளியை உணரும் சென்சார். பொருத்தும் அன்று ஒரே தடவை, உச்சி வெயிலை லூப்பில் திரும்பத் திரும்ப அளந்து சராசரி எடுத்து வைத்துக்கொள்ளும். வெளிச்சம் அதில் நூறில் ஒரு பங்காக இறங்கியதும் பல்பைப் போடும்.

கொஞ்ச நாளில் பண்ணைக்காரர் ஆள் அனுப்பினார். நன்றாக இருட்டிய பிறகுதான் பல்பு எரிகிறதாம்.

போனதுமே அவர் மனைவியிடம், "பெட்டியைத் தொட்டீங்களா?" என்றேன்.

"தூசியத் தொடச்சனுங்க."

"அதான் கெட்டுப்போச்சு."

என் எதிரிலேயே கணவர் அவரைத் திட்டினார்.

மறுபடி அளக்க வெயிலில் உட்கார்ந்தேன். பெட்டியின் சின்னத் திரையில் நிலையாக இருந்த வெளிச்ச அளவு சட்டென்று பத்தில் ஒரு பங்காக இறங்கியது. நிமிர்ந்தேன். போன முறை போலவே அந்த அம்மா எனக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

"வெயிலு மண்டையப் பொளக்குதுங்க சார்."

பெட்டியைப் பொருத்திய அன்றும் அந்த நிழலைத்தான் உச்சி வெயில் என்று அளந்திருக்கிறேன்.

"குடை வேண்டாங்க" என்று மட்டும் சொன்னேன். எனக்கு இன்னும் கோபம் என்று நினைத்து, "இனித் தொடமாட்டனுங்க" என்று விலகிப் போனார்.

சாயங்காலம் பல்புகள் நேரத்துக்கு எரிந்தன.

"பாத்தியா, நீ கை வெக்காம இருந்தா ஒழுங்கா எரியுது" என்றார் கணவர்.

நானும் தலையாட்டினேன்.

அளவு பிசகினால் லூப்பை மறுபடி ஓட்டலாம். அந்தத் தலையாட்டலை என்ன செய்வது?