கிரகணத்தன்று நின்ற லிஃப்ட்

ஊரில் பாதி லிஃப்டுகள் மெக்கானிக்கின் கைபட்டுத்தான் ஓடின. ஆனால் கட்டிய மனைவி மட்டும் இருபது வருஷமாக அவருடைய லிஃப்டில் கால் வைத்ததில்லை. "உங்கள நம்பிக் கழுத்த நீட்டினதே போதும்" என்பாள். முதல் மாடியில் குடியிருந்ததால் பிழைத்தாள். மனுஷனுக்கு இது பெரிய மானப் பிரச்சினை.

முழுச் சந்திர கிரகணம் வந்தது. மாலை ஏழரைக்கு நிலா முழுக்க மறையும், ஏழாவது மாடிக்கு மேலே மொட்டைமாடியில் நன்றாகத் தெரியும் என்று ஒரு வாரம் அவள் காதைத் தின்றார். முட்டிவலி ஒரு பக்கம், இவருடைய தொணதொணப்பு ஒரு பக்கம். கடைசியில் மனசு இறங்கினாள்.

"சரி, லிஃப்ட்லயே வரேன். வழியில நின்னுச்சு, ஜென்மத்துக்கும் ஏற மாட்டேன்."

அன்று மதியமே லிஃப்டின் கதவு, கம்பி எல்லாம் சோதித்தார். ஏழு மணிக்கே மேலே போய் இரண்டு நாற்காலி போட்டு இடம் பிடித்தார். அடுப்பை அணைத்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தாள்.

நிலாவின் கடைசிக் கீற்று மறைந்ததும் பொட்டென்று கரண்ட் போனது. தெருவே இருண்டது. செங்கல் நிறத்தில் நிலா பளிச்சென்று தெரிய, மொட்டைமாடியே கை தட்டியது. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியது மெக்கானிக்தான். மூன்றாவது தட்டலில் கை அந்தரத்தில் நின்றது. செல்போன் அடித்தது.

"நின்னுருச்சு" என்றாள். அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

மாடி மூலையிலிருந்த மோட்டார் அறைக்கு ஓடினார். எதிர்வீட்டுத் தையல்காரர் பிரேக்கைத் தளர்த்திப் பிடித்துக்கொள்ள, இவர் மோட்டார் சக்கரத்தைக் கையால் சுற்றினார். லிஃப்ட் அங்குலம் அங்குலமாக ஏறியது. வெளியே ஆளாளுக்கு நிலாவைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். இவர் தலையைத் திருப்பவில்லை. அவள் இருட்டில் தனியாக நிற்கிறாளே என்று இன்னும் வேகமாகச் சுற்றினார். அரைமணி நேரம் ஆயிற்று.

ஏழாவது மாடிக் கதவைத் திறந்தபோது வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றார்.

"நிலா இருக்கா?" என்றாள் அவள்.

இருந்தது. மொட்டைமாடிக்கு ஏறிப் போய், போட்டுவைத்த நாற்காலிகளில் உட்கார்ந்து பத்து நிமிஷம் இருவரும் பார்த்தார்கள். ஓரம் மெல்ல வெளுத்தது.

"நீங்க பாத்தீங்களா?"

"ஆரம்பத்துல பாத்தேனே."

கிரீஸ் அப்பிய அவருடைய கைகளைப் பார்த்தாள். முந்தானையால் துடைத்துவிட்டாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

கரண்ட் வந்தது. அவர் படியில் இறங்கப் போனார். அவளோ லிஃப்ட் கதவருகே நின்றாள்.

"மறுபடி நின்னா?" என்றார் அவர்.

"நின்னா எடுக்க ஆள் இருக்கு. வாங்க."

அந்த ஆளும் உள்ளேதான் நிற்கிறார் என்பது கதவு மூடிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. முதல் மாடி வரும்வரை அவர் மூச்சே விடவில்லை. அவள் நிலாவைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள்.