இரட்டிப்பாகும் என்றதும் ஆமென்

குழித்துறையில் எங்கள் சபை ஹாலில் கிரிப்டோ பற்றி இரண்டு நாள் பயிலரங்கு நடத்தினேன். கிரிப்டோ என்றாலே மோசடி என்று சிலர் தடுத்தார்கள். வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ஏமாறுவதைவிட, ஹாலில் உட்கார்ந்து விசாரிக்கட்டும் என்றேன்.

சனிக்கிழமை மதியப் பிரியாணிச் செலவை ஒரு கிரிப்டோ செயலி கம்பெனிக்காரர் ஏற்றிருந்தார். இரண்டு வார்த்தை வாழ்த்திப் பேசுவார், அவ்வளவுதான் என்று பேச்சு.

மைக்கை வாங்கியதும் "ஸ்தோத்திரம்" என்றார். ஹாலும் "ஸ்தோத்திரம்" என்றது. பிறகு பிரசங்கக் குரலில், "எங்க ஆப்புல போடுங்க, உங்க பணம் இரட்டிப்பாகும்" என்றார்.

"ஆமென்" என்றது ஹால்.

ஞாயிறுதோறும் சொல்லிப் பழகிய என் வாயும் சொல்லிவிட்டது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துபோய் மைக் வயரைப் பிடுங்கினேன்.

சபைப் பொருளாளர் மாமா ஓடிவந்தார். "ஏட்டி, சோறு தாறது அவருல்லா. வயர மாட்டு."

"பட்டினி கெடந்தாலும் மாட்ட மாட்டேன் மாமா."

பிரியாணி அண்டா வந்த வேனிலேயே திரும்பிப் போனது. கூட்டத்தில் பாதியும் போனது. மிச்சப்பேர் டீயும் பன்னும் சாப்பிட்டோம்.

மறுநாள் ஆராதனை முடிந்து நானே மைக்கைப் பிடித்தேன். "ஸ்தோத்திரம்" என்றேன், பதில் வந்தது. "உங்க பணம் இரட்டிப்பாகும்" என்றேன்.

ஆமென் வரவில்லை. பின்வரிசையிலிருந்து பொருளாளர் மாமாதான் கேட்டார்: "அது எப்பிடிட்டி ஆகும்?"

அந்த ஒரு கேள்விக்காகத்தான் பயிலரங்கே. அடுத்த வருடமும் நடத்துவேன். வயர் என் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருக்கும்.