கை வீசிக்கொண்டு போகிறவர்கள்

இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், ஆட்கள் காரணமே இல்லாமல் மலை ஏறுகிறார்கள். நார்வேக்கு வந்த புதிதில் இதைப் பார்த்து நான் பயந்துபோனேன். மகன் ஸ்டீபன் வீட்டுச் சமையலறை ஜன்னலில் நின்றால் எதிரே மலை, அதில் ஏறுகிற ஒற்றையடிப் பாதை. தூறல் விடாது, குளிர் பல்லை ஆட்டும். அந்த நேரம் பார்த்து என் வயசுக்காரி, பக்கத்து வீட்டு இங்கெர், இரண்டு குச்சிகளை ஊன்றிக்கொண்டு மேலே போவாள். அங்கே கோயிலோ சர்ச்சோ கிடையாது, சொந்தக்காரர் வீடும் கிடையாது. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவள்தான். ஆனாலும் எங்கள் தர்மபுரிப் பக்கத்தில் குடமும் இல்லாமல், அரிவாளும் இல்லாமல், ஒரு பையும் இல்லாமல் ஒரு பொம்பளை வீட்டைவிட்டு இறங்கினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். வீட்டில் சண்டை. யாராவது பின்னாலேயே ஓடிக் கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டும்.

அதனால் ஒரு தூக்குப் போசியில் தக்காளிச் சோறு போட்டுக்கொண்டு, மொழிபெயர்க்க ஸ்டீபனையும் இழுத்துக்கொண்டு, அவள் வாசலுக்குப் போனேன். எடுத்த எடுப்பில் புருஷனைப் பற்றிக் கேட்டால் மரியாதையாக இருக்காதே என்று, மாடு ஏதாவது காணாமல் போய்விட்டதா என்று ஆரம்பித்தேன். இங்கெர் குழம்பிவிட்டாள். அவளிடம் மாடு இல்லையாம். புருஷனும் இல்லை, செத்துப் பல வருஷமாகிறது. பின்னே எங்கே போகிறாய் என்றால் 'டூர்' என்கிறாள். நடந்து போய்விட்டு வருவதற்குப் பேர் இங்கே டூர். மேலே என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றாள். ஒன்றும் இல்லாத இடத்துக்கு எதற்கம்மா போகிறாய் என்று கேட்டதற்கு, வெகுநேரம் யோசித்துவிட்டு, "அதற்காகத்தான்" என்றாளாம். ஸ்டீபன் தலையில் கை வைத்துக்கொண்டான். தக்காளிச் சோற்றை மட்டும் அவள் மறுக்கவில்லை. காரத்தில் அழுதுகொண்டே தின்றாள். துக்கத்தில்தான் அழுகிறாள் என்று நான் கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு என்னையும் கூட்டிப்போனாள். கல்லில் உட்கார்ந்தால் குளிரும் என்று ஆளுக்கொரு ஸ்பாஞ்சுத் துண்டு கொண்டுபோகிறார்கள். எங்கே போனாலும் தன் உட்காரும் இடத்தைத் தானே தூக்கிப்போகிற ஜனம். பஸ் நிறுத்தத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்கிற அதே ஆட்கள் மலைமேல் பார்த்தால் "ஹை ஹை" என்கிறார்கள். அவ்வளவுதான். யார் நீ, எந்த ஊர், எங்கே போகிறாய் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. எனக்கு அது எவ்வளவு இனித்தது தெரியுமா? பிறந்ததிலிருந்து நான் வீட்டுக்கு வெளியே எடுத்துவைத்த ஒவ்வொரு அடிக்கும் யாருக்காவது பதில் சொல்லியிருக்கிறேன். இங்கே ஒரு மலையே ஏறி இறங்கினேன், ஒரு பதிலும் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி தங்கச்சி பிலோமினாவுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன். "கேக்கறதுக்கு ஒரு நாதி இல்லடி பிலோ, ராணி மாதிரி சுத்தறேன்" என்றேன். அவள் "ம்" என்றாள். கொஞ்ச காலமாக அவளிடமிருந்து 'ம்'தான் வந்துகொண்டிருந்தது. நான் கவனிக்கவில்லை.

அப்புறம்தான் அவள் மகன் ஆரோக்கியம் கூப்பிட்டான். "பெரிம்மா, அம்மா செவுத்தப் பாத்துப் படுத்துக்கினே இருக்குது. டாக்டர்கிட்ட காட்டி மாத்திரை குடுக்கறோம். வூட்ட வுட்டு வெளிய வர மாட்டேங்குது. நீ ஒரு தடவ வந்துட்டுப் போ பெரிம்மா." மறைத்துப் பேசுகிறான் என்று குரலிலேயே தெரிந்தது. எதை என்று தெரியவில்லை. ஸ்டீபன் டிக்கெட் போட்டான். விமானத்தில் வரும்போது எனக்கு ஒரே எண்ணம்தான். அவளை எப்படியாவது வாசல் தாண்ட வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தடவை என்னைக் கூப்பிடுகிற போன் வேறு மாதிரிப் போனாக இருக்கும்.

கம்பைநல்லூருக்குப் பக்கத்தில் இருக்கிறது அவள் ஊர். அவளுக்கு இரண்டு மாடுகள் இருந்தன. விடிவதற்கு முன்னால் ஒரு கறவை, சாயங்காலம் ஒரு கறவை, சொசைட்டிக்குப் பால், நடுவில் புல், தண்ணீர், சாணி. அதுகளும் அவள் கையைத் தவிர வேறு கைக்கு மடியை விடாது. அதனால் ஒரு ராத்திரிகூட அவள் வெளியூரில் தங்கியதில்லை. ஆரோக்கியத்துக்குத் தர்மபுரியில் டைல்ஸ் கடையில் வேலை கிடைத்ததும், அம்மா இனியாவது ஓய்வெடுக்கட்டும் என்று மாடுகளை விற்றுவிட்டான். நல்ல பிள்ளை, நல்லதுக்குத்தான் செய்தான். ஆனால் புல்லுக்குப் போகிறேன், பாலுக்குப் போகிறேன் என்று சொல்லித்தான் அவள் இத்தனை வருஷம் வீட்டைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தாள். மாடு போனதோடு அவள் வெளியே போவதற்கு இருந்த காரணமும் வண்டியேறிவிட்டது.

வந்த மறுநாள் காலையில் அவளை எழுப்பினேன்.

"எங்கக்கா?"

"சும்மா. ஏரிக்கர வரைக்கும்."

"சும்மான்னா? ஒரு வேலயும் இல்லாம போனா பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

"ரெண்டு கெழவிங்க ஓடிப்போறாங்கன்னு நெனப்பாங்க. எழுந்துருடி."

வழி நெடுக விசாரணை. பால்காரர் கேட்டார், டீக்கடைக்காரர் கேட்டார், பல் துலக்கிக்கொண்டிருந்த ஒருவர் நுரையைத் துப்பிவிட்டுக் கேட்டார். "என்னங்க ரோசக்கா, வெளிநாட்டுல இருந்து எப்ப வந்தீங்க? காலங்காத்தால கைய வீசிக்கினு எங்க?" நான் எல்லோருக்கும் "சும்மா" என்றேன். ஏரிக்கரையில் உட்கார்ந்து ஒரு கொக்கைப் பார்த்து முடிப்பதற்குள் ஆரோக்கியம் பைக்கில் பறந்து வந்துவிட்டான், சட்டையில் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு. நாங்கள் அவனோடு சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டதாக ஊருக்குள் செய்தியாம். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான், முகத்தில் ரத்தமே இல்லை. இவ்வளவு பெரிய ஆம்பளை ஒரு வதந்திக்கு இப்படியா வெளிறுவான் என்று கேலி பேசினேன்.

அடுத்த நாள் ஒரு தந்திரம் செய்தேன். மாட்டுக்கொட்டகை ஆணியில் பழைய ஒயர்கூடை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. பச்சையும் மஞ்சளும், ஒரு காது அறுந்து முடிச்சுப் போட்டது. அதைத் தட்டி அவள் கையில் கொடுத்தேன். "இதுல என்னாக்கா?" என்றாள். "காரணம்" என்றேன். அன்றைக்கு ஒருத்தரும் எங்களைத் துளைக்கவில்லை. கூடையைப் பார்த்ததும் பதிலையும் அவர்களே சொல்லிக்கொண்டார்கள். "கீரைக்குங்களா?" "ஆமாங்க." "சந்தைக்குங்களா?" "ஆமாங்க." ஒரே நாளில் நாங்கள் கீரைக்கும் சந்தைக்கும் ரேஷனுக்கும் போனவர்களாகி, காலிக் கூடையோடு திரும்பினோம். பிலோ முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை காலமாயிற்றோ, சமையலறையிலிருந்து மருமகள் எட்டிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு கூடை எங்களை எங்கெங்கோ கூட்டிப்போனது. ஒரு நாள் கரும்புத் தோட்டத்துப் பம்புசெட்டில் புடவையோடு உட்கார்ந்து குளித்தோம். ஒரு நாள் பாறைமேட்டில் ஏறி, மூச்சு வாங்கி, இறங்கத் தெரியாமல் உட்கார்ந்தே சறுக்கி வந்தோம். ஸ்பாஞ்சுத் துண்டைக் கொண்டுவராத குறையை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். "உன் நார்வேயில இதுக்குப் போயா சம்பளம் இல்லாம மலை ஏறறாங்க?" என்று பிலோ கேட்டாள். பதிலுக்குப் பேசத் தொடங்கிவிட்டாள், அது போதும் எனக்கு. கடைசியில் ஒகேனக்கல்லுக்கும் கிளம்பினோம். பஸ் ஏறினால் போய்விடலாம். ஆனாலும் அவள் பார்த்ததில்லை. போகலாம் என்று நினைத்தபோதெல்லாம் ஏதாவது ஒரு மாடு கன்று போட்டிருக்கிறது.

கூடையில் எலுமிச்சைச் சோறும் மோரும். தண்ணீர் அடங்கி ஓடியதால் பரிசல் விட்டிருந்தார்கள். ஆரஞ்சுக் கலர் சட்டையை மாட்டிவிட்டு, பரிசல்காரர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "ஆயா, பயப்பட மாட்டீங்களே?" என்றார். "நாங்க பயப்படறது இருக்கட்டும், உன் பரிசலு தாங்குமான்னு பாத்துக்கப்பா" என்றேன். பாறைகளுக்கு நடுவில் கொண்டுபோய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். வானம், பாறை, தண்ணீர், வானம். பிலோ விளிம்பைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரிக் கத்தினாள், சிரித்தாள். சுற்று நிற்கும்போது சிரிப்பும் நின்று, அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரிசல்காரர் துடுப்பை நிறுத்திவிட்டு, "என்னாங்க ஆயா, தலை சுத்துதா?" என்றார். அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

மணல்திட்டில் இறங்கி, வறுத்த மீனை வாங்கிவந்து உட்கார்ந்தோம். அவள் மீனைத் தொடவில்லை. மடியில் வைத்திருந்த கூடையின் முடிச்சைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, அன்னிக்கு எங்கையில கூடை இல்லக்கா."

"என்னிக்குடி?"

மாடு போன பிறகு ஒரு சாயங்காலம். கறவை நேரத்துக்குக் கை தானாக எழுந்ததாம். கொட்டகைக்குப் போனால் அங்கே ஒன்றும் இல்லை. அப்படியே நடந்தாளாம், ஏரிப் பக்கம். திரும்பி வருகிற எண்ணம் இல்லையாம். கரை ஏறுகிற இடத்தில் ஆடு மேய்க்கிற முனியப்பன் எதிரே வந்திருக்கிறார். "பிலோக்கா, கைய வீசிக்கினு எங்க போறீங்க?" என்று எல்லோரையும் கேட்கிற மாதிரிக் கேட்டிருக்கிறார். இவள் "புல்லறுக்க" என்றிருக்கிறாள். கையில் அரிவாள் இல்லை, வீட்டில் மாடும் இல்லை. ஊருக்கே தெரிந்ததுதான். அந்த மனிதர் ஒரு கணம் இவளையே பார்த்துவிட்டு, "அது இருக்கட்டுங்க, என் ஆடுங்க இன்னிக்குப் பேச்சே கேக்கல, ஊருக்குள்ள ஓட்டிக் குடுத்துட்டுப் போங்க" என்றாராம். ஒரு குச்சியை ஒடித்துக் கையில் கொடுத்து, ஆடுகளைப் பற்றியே பேசிக்கொண்டு, இவள் வாசல் வரைக்கும் ஓட்டிவர வைத்தாராம். ஆரோக்கியத்திடம் தனியாக என்னவோ சொல்லிவிட்டுப் போனாராம்.

"அவரு கேக்கலன்னா நான் போயிட்டே இருந்திருப்பேன்க்கா" என்றாள்.

மீன் ஆறிப்போயிற்று. ஏரிக்கரையில் பட்டன் மாறிய சட்டையோடு நின்ற ஆரோக்கியத்தின் முகம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதைவிட, அவள் மடியில் இருந்த கூடை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கேட்கிறவர்கள் வாயை அடைக்கத்தானே அதைத் தட்டி எடுத்துக் கொடுத்தேன்? நான் போன பிறகு இன்னொரு சாயங்காலம் இவள் இதைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போனால், கீரைக்குங்களா என்பார்கள். ஆமாங்க என்பாள். வழி விட்டுவிடுவார்கள்.

திரும்பிவந்ததும் முனியப்பனைத் தேடிப்போனேன். பிலோவின் பேரனுக்கென்று வாங்கிவந்த நார்வே சாக்லேட்டைக் கையில் வைத்தேன். அவர் கூச்சப்பட்டுப் பின்னால் போனார். "இதெல்லாம் எதுக்குங்க? நான் என்னா பண்ணேன்? எங்க போறீங்கன்னு கேட்டேன். எல்லாரையுந்தான் கேக்கறேன்." பிறகு சாக்லேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆமா, நீங்க இப்ப எங்க போறீங்க?" என்றார். வாழ்நாள் முழுக்க எரிச்சல் மூட்டிய கேள்வி. "உங்களப் பாக்கத்தாங்க வந்தேன்" என்று எரிச்சலே இல்லாமல் பதில் சொன்னேன்.

கிளம்புகிற அன்றைக்கு அந்தக் கூடையை என் பெட்டிக்குள் திணித்தேன். பிலோ வாசலில் நின்று பார்த்தாள்.

"ஏன்க்கா, அங்க கூடை கெடைக்காதா?"

"கெடைக்கும். இதை உங்கிட்ட வுட்டுட்டுப் போக மாட்டேன். நீ வெறுங்கையோடவே போ. மாத்திரையப் போட்டுக்கினு தெனமும் போ. கேக்கறவங்க கேக்கட்டும்."

"என்னான்னு சொல்றது?"

"சும்மா போறேன், திரும்பி வந்துருவேன்னு சொல்லு. நடக்கறப்ப எனக்குப் போன் போடு."

"கேட்டுக் கேட்டு உயிர எடுப்பாங்களேக்கா."

"எடுக்க மாட்டாங்கடி" என்றேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கூடையோடுதான் இந்த மலை ஏறுகிறேன். உள்ளே ஸ்பாஞ்சுத் துண்டும் ஒரு ஆரஞ்சுப் பழமும். எதிரே வருகிறவர்கள் கூடையைப் பார்ப்பார்கள், என் புடவைக்கு மேல் மாட்டிய ஸ்டீபனின் பழைய ஜெர்கினைப் பார்ப்பார்கள், "ஹை ஹை" என்று மரியாதையாக ஒதுங்கி வழி விடுவார்கள். முன்னால் இனித்த அந்த மரியாதை இப்போது முதுகில் சில்லென்று இறங்குகிறது. தனியாக ஏறுகிற ஒரு சின்னப் பெண்ணையோ வயசான மனிதரையோ பார்த்தால், "எங்க போறீங்க?" என்று நம் பேச்சிலேயே கேட்டுவிடுகிறேன். "ஹை ஹை" என்று சிரித்துக்கொண்டு போகிறார்கள். அவர்கள் இறங்கி வருகிற வரைக்கும் பாதையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இங்கெர் குளிரில் காலை மாற்றி மாற்றி ஊன்றுகிறாள், யாருக்காகக் காத்திருக்கிறாய் என்று கையை விரிக்கிறாள். விளக்கிச் சொல்ல எனக்கு அந்த மொழி போதாது.

போன ஞாயிறு உச்சிக்குக் கொஞ்சம் கீழே இருந்தபோது போன் வந்தது. அங்கே கறவை நேரம். பிலோ நடந்துகொண்டே பேசினாள், மூச்சு இரைத்தது, பின்னால் ஆடுகள் கத்தின. நடுவில் தூரத்திலிருந்து ஒரு ஆம்பளைக் குரல், "பிலோக்கா, கைய வீசிக்கினு எங்க?"

"சும்மாங்க. ஏரி வரைக்கும். திரும்பி வந்துருவேன்" என்று அவள் கத்தினாள். பிறகு என்னிடம், "நீ எங்கக்கா போற?" என்றாள்.

"சும்மாடி. மேல."

"எப்பத் திரும்பி வருவ?"

கீழே ஸ்டீபன் வீட்டுச் சமையலறை ஜன்னல் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. காதுக்குள் ஏரிக்கரைக் காற்று இரைந்தது. "வந்துருவேன்" என்றேன். எங்கே வருவாய், இந்த வீட்டுக்கா நம் ஊருக்கா என்று அவள் கேட்பாள் என்று போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆடுகள் சத்தம்தான் கேட்டது. மலைக்காற்று கூடைக்குள் புகுந்து அதைத் தூக்கப் பார்த்தது. முடிச்சுப் போட்ட காதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.