இடப்பக்கம் நாலு

என் வீட்டுக்காரர் கப்பலுக்குக் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் கடைசியாகச் செய்கிற காரியம் என்னிடம் சொல்லிக்கொள்வது அல்ல; கார் பேட்டரியின் டெர்மினலைக் கழற்றுவது. வாசலில் டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார். இவர் பானெட்டைத் தூக்கிவைத்துவிட்டுப் பத்தாம் நம்பர் ஸ்பானரோடு குனிந்து நிற்பார். தூத்துக்குடியில் கப்பல்காரர் வீடுகளில் இது வழக்கம்தான். ஏழெட்டு மாதம் ஆள் வரமாட்டார், வண்டி ஓடாது, அப்படியே விட்டுப்போனால் திரும்பி வரும்போது பேட்டரி செத்துக் கிடக்கும். எங்கள் தெருவில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் கார்களைப் பார்த்தாலே எந்தெந்த வீட்டு ஆம்பிளை கடலில் இருக்கிறார் என்று சொல்லிவிடலாம்.

நான் நாசரேத்துக்காரி. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். கடலைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது, ஆனால் கரண்டைப் பற்றித் தெரியும். அதனால் அந்த ஸ்பானர் கழற்றுவது என்ன என்று எனக்குத் தெரிந்திருந்தது. எங்கள் கார் பழைய மாடல். டேஷ்போர்டில் கம்பெனியே பதித்துக் கொடுத்த ஆடியோ செட்டுக்கு இரண்டு வயர் வழியாகக் கரண்ட் போகிறது. சிவப்பு வயரில் சாவியைத் திருப்பினால்தான் வரும். மஞ்சள் வயரில் எந்நேரமும் வந்துகொண்டே இருக்கும். செட்டை அணைத்த பிறகும் மஞ்சள் வயர் அதற்குச் சொட்டுச் சொட்டாகப் பாலூட்டிக்கொண்டிருக்கும். மணி என்ன, எந்தப் பட்டனில் எந்த ரேடியோ ஸ்டேஷன், சத்தம் எந்தப் பக்கம் கூட வர வேண்டும் என்பதெல்லாம் அந்தச் சொட்டை நம்பித்தான் செட்டின் நினைவில் நிற்கிறது. டெர்மினலைக் கழற்றினால் எல்லாம் போச்சு. மறுபடி மாட்டும்போது நேற்றுப் பிறந்த குழந்தை மாதிரி முழிக்கும்.

அதனால் அவர் ஊருக்கு வந்ததும் பையை உள்ளே வைத்து, ஒரு டீயைக் குடித்துவிட்டு, நேரே காருக்குப் போவார். டெர்மினலை மாட்டி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து செட்டுக்கு எல்லாவற்றையும் மறுபடி சொல்லிக்கொடுப்பார். மணியை வைப்பார். முதல் பட்டனில் நம்மூர் ஸ்டேஷன், இரண்டாவதில் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற இலங்கை எஃப்.எம். கடைசியாக பேலன்ஸ். நாலு கதவிலும் நாலு ஸ்பீக்கர். எந்தப் பக்கத்து ஸ்பீக்கர் கூடப் பாட வேண்டும், எது அடங்கிப் பாட வேண்டும் என்று ஒரு குமிழைத் திருகி வைக்கலாம். எடுத்த எடுப்பில் நடுவில் பூஜ்யத்தில் இருக்கும். இவர் எப்போதும் அதை இடப்பக்கமாகத் தள்ளுவார். திரையில் 'எல் நாலு' என்று வரும்.

இடப்பக்கம் என் பக்கம். அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார, பாட்டு என் கதவிலிருந்து கணீரென்று வரும். எனக்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தது மட்டுமா? ஊரெல்லாம் சொல்லி வைத்தேன். ஒரு நாள் அவருடைய தம்பி சாப்பிட வந்திருந்தபோது, "உங்க அண்ணன் கப்பல்ல இருந்து ஒரு சென்ட் பாட்டில் கொண்டுவர மறந்துருவாரு, ஆனா சத்தத்த மட்டும் என் பக்கம் தள்ளி வைக்க மறக்க மாட்டாரு" என்றேன். என் வீட்டுக்காரர் மீன் முள்ளைப் பொறுக்கிக்கொண்டே சிரித்தார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

எனக்கு எரிச்சல் வந்தது வேறு விஷயத்தில். வந்த புதிதில் சாயங்காலமானால் போய் நிறுத்தி வைத்திருக்கிற காரில் தனியாக உட்கார்ந்து ரேடியோ கேட்பார். எத்தனை மாதம் கழித்து வந்த மனுஷன்! வீட்டில் பேச ஆளில்லாமல் சுவரோடு பேசிக்கொண்டிருந்தவள் நான். கண்ணாடியைத் தட்டி, "கப்பல்லதான் ரூமுக்குள்ள அடைஞ்சு கிடந்தீங்க, இங்கயுமா?" என்று கேட்பேன். கதவைத் திறந்து, "ஏளா, நீ இங்கன வந்து உக்காந்து கேட்டுப் பாரேன்" என்று தன் சீட்டைக் காட்டுவார். "எனக்கு என் எடமே போதும்" என்று திரும்பிவிடுவேன். டிரைவிங் ஸ்கூலில் கற்று வாங்கிய லைசென்ஸ் என் பர்ஸில் சும்மா கிடந்தது. ஸ்கூட்டர் இருக்கும்போது அந்த சீட்டில் எனக்கென்ன வேலை?

அடுத்த கப்பல் ஏறுவதற்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது நெஞ்சு வலிக்கிறது என்றார். பக்கத்து வீட்டுக்காரர்தான் எங்கள் காரிலேயே ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். நான் பின்னால் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதோடு சரி. டெர்மினலைக் கழற்றாமல் அவர் போனது அந்த ஒரு தடவைதான்.

துக்கத்துக்கு வந்தவர்கள் அவர் துணிமணியை எல்லாம் துவைத்து மடித்துவிட்டார்கள். போனை பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் எடுத்துப்போனாள். டிரைவர் சீட்டையும் பக்கத்து வீட்டுக்காரர் தன் காலுக்குத் தக்கபடி இழுத்துவிட்டிருந்தார். என் வீட்டுக்காரர் கை வைத்த நிலையிலேயே மிச்சம் இருந்தது ஆடியோ செட் ஒன்றுதான். அவர் திருகி வைத்த எல் நாலு. பேட்டரி உயிரோடு இருக்கிற வரைக்கும் அதுவும் இருக்கும்.

ஆகவே பேட்டரியைச் சாகவிடக் கூடாது என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்ததும் காரில் என் சீட்டில், இடப்பக்கம், உட்காருவேன். எட்டி கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, அங்கிருந்தே சாவியைத் திருகி எஞ்சினை ஓடவிடுவேன். பேட்டரி சார்ஜ் ஏறும் வரை ரேடியோ கேட்பேன். இலங்கையிலிருந்து ஒரு பெண் பேசுவாள், பாட்டுப் போடுவாள், எல்லாம் என் காதோரமாக. பக்கத்தில் காலி சீட். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாக இருந்திருக்கும். இருக்கட்டுமே! வாரத்தில் மற்ற நாளெல்லாம் வகுப்பில் கத்திவிட்டு வந்து வாயைத் திறக்காமல் படுக்கிறவளுக்கு அது ஒன்றுதான் போக்கிடம்.

ஒரு சனிக்கிழமை கொழுந்தன் தருவைகுளத்திலிருந்து சீலா மீன் வாங்கிக்கொண்டு வந்தார். அவரும் கப்பல்காரர்தான், ஊருக்கு வந்திருந்தார். நான் பின்பக்கம் மீனைக் கழுவி, டீ போட்டு எடுத்து வருவதற்குள் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"மைனி, வண்டி சும்மாதான நிக்கி. பேட்டரி செத்துப் போவும்லா? அதான் டெர்மினலக் கழத்தி வச்சுட்டேன். தார்ப்பாயும் போட்டாச்சி."

டீயை மேசையில் வைத்தேனா கொட்டினேனா என்று ஞாபகமில்லை. வாசலுக்கு ஓடினேன். "மாட்டுங்க! இப்பமே மாட்டுங்க!" என்று கத்தினேன். அவர் பதறிப்போய் மாட்டினார். சாவியைத் திருகினேன். மணி பன்னிரண்டு என்று மின்னிக்கொண்டிருந்தது. பட்டனை அழுத்தினால் ஸ்டேஷன் இல்லை, வெறும் இரைச்சல். பேலன்ஸ் நடுவில், பூஜ்யத்தில்.

"உங்கள யாரு கழத்தச் சொன்னா? கேட்டுட்டுச் செய்யக் கூடாதா?" என்று தெருவே பார்க்கும்படி அழுதேன். விஷயம் புரிந்ததும் அவர் முகம் செத்துப்போனது. "நாலுதான மைனி? நான் இப்பமே வச்சுத் தாரேன்" என்று குமிழில் கை வைத்தார். அந்தக் கையைத் தட்டிவிட்டேன். நாலு என்று எனக்கும் வைக்கத் தெரியாதா? நான் வைத்தால் அது நான் வைத்த நாலு. அதை எப்படி அவருக்குச் சொல்லிப் புரியவைப்பது?

கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர் மெதுவாகச் சொன்னார்: "அண்ணன் எப்பமும் கழத்திட்டுத்தான் போவாரு. இந்த மட்டம் கழத்தாமப் போயிட்டாரேன்னு என் மனசுல கிடந்துச்சி மைனி. அவரு விட்டுட்டுப் போன வேலைன்னு நெனச்சுச் செஞ்சேன்."

அதற்கு மேல் அவரை என்ன திட்ட? உள்ளே கூப்பிட்டு ஆறிப்போன டீயைச் சூடு பண்ணிக் கொடுத்தேன். போகும்போது, "ஒண்ணு வண்டிய வித்துருங்க, இல்லன்னா ஓட்டுங்க. சும்மா நிறுத்திவச்சிக் கும்புட்டுட்டு இருக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சரியான பேச்சுதான். ஆனாலும் அதற்குப் பிறகு நான் கார் பக்கமே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அலமாரியைத் துடைத்தேன்.

பொதுத்தேர்வு வந்தது. செய்முறைத் தேர்வுக்கு என்னை வேம்பார்ப் பக்கம் ஒரு பள்ளிக்குப் போட்டிருந்தார்கள். அவ்வளவு தூரம் ஸ்கூட்டரில் உப்பளக் காற்றில் போக முடியாது. பஸ்ஸை நம்பினால் பிள்ளைகள் காத்துக் கிடக்கும். கொழுந்தன் சொன்னதும் ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரரை வைத்துக்கொண்டு ஊருக்குள் நாலு ரவுண்டு ஓட்டிப் பழகிவிட்டு, அன்று காலையில் தனியாகக் கிளம்பினேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்றாவது கியரைத் தாண்டவில்லை. பின்னால் வருகிற உப்பு லாரி எல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே தாண்டிப் போனது. பயம் தெரியாமல் இருக்க ரேடியோவைப் போட்டுத் தேடவிட்டேன். இலங்கை ஸ்டேஷன் தானாக வந்து நின்றது. ஆனால் கேட்கப் பிடிக்கவில்லை. அந்தப் பெண் என் வலது காதுக்குப் பக்கத்தில், கதவுக்கு வெளியே ஓடிவந்தபடி பேசுகிற மாதிரி இருந்தது. தருவைகுளம் தாண்டியதும் எரிச்சல் தாங்காமல் ஓர் உப்பளத்து ஓரமாக நிறுத்தினேன். திரையைப் பார்க்காமல், சாலையைப் பார்த்தபடியே பேலன்ஸ் குமிழை இடப்பக்கம் திருகினேன். ஒரு சொடுக்கு. இன்னொன்று. குரல் கதவை விட்டு நகர்ந்து உள்ளே வந்தது. இன்னும் கொஞ்சம். அப்புறம் என் நேர் எதிரே, கண்ணாடிக்கு நடுவில் வந்து நின்றது. என்னைப் பார்த்துப் பேசுவது போல் அவ்வளவு தெளிவு. அதில் கையை எடுத்தேன்.

குனிந்து பார்த்தால், எல் நாலு.

அடப் பாவி மனுஷா! வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு ஒலியைப் பற்றிப் பாடம் நடத்துகிறவளுக்கு இது தோன்றாமல் போயிற்றே. டிரைவர் சீட்டுக்கு வலப்பக்க ஸ்பீக்கர் கிட்டத்தில், இடப்பக்க ஸ்பீக்கர் தள்ளி. கிட்டத்தில் இருப்பது ஜெயித்துவிடும். தூரத்தில் இருப்பதைக் கூட்டினால்தான் ஓட்டுகிறவனுக்குச் சத்தம் நடுவில் நிற்கும். எல் நாலு எனக்கு வைத்தது இல்லை. அந்த சீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிற ஓர் ஆளுக்கு வைத்தது. நான் பெருமையடித்தபோது மீன் முள்ளைப் பொறுக்கிக்கொண்டு சிரித்தாரே, என் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்றுதான் சும்மா இருந்திருக்கிறார். வந்து உட்கார்ந்து கேள் என்று மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு நன்றாக அழுதேன். ரேடியோவில் அந்தப் பெண் அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வேம்பாருக்குப் போனேன். பிள்ளைகள் ஊசலும் கையுமாகக் காத்திருந்தார்கள்.

கோடை விடுமுறைக்கு மகள் பெங்களூருக்குக் கூப்பிட்டாள். ஒரு மாதம் இருக்கிற மாதிரி கிளம்பினேன். டாக்ஸிக்காரர் வாசலில் ஹாரன் அடித்தார். "ஒரு நிமிஷம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, பானெட்டைத் தூக்கி, பத்தாம் நம்பர் ஸ்பானரால் டெர்மினலை நானே கழற்றினேன். வந்ததும் அவர் சீட்டில் உட்கார்ந்து, காதாலேயே மறுபடி வைத்துக்கொள்வேன்.