டிஸ்ட்ரிபியூட்டருக்கு வைத்த பொட்டு

போன செவ்வாய்க்கிழமை என் பழைய ஜப்பான் கார் சைகோன் நடுரோட்டில் உயிரை விட்டது. பின் சீட்டில் ஐந்து வயது மகள். ஆஸ்துமா. இன்ஹேலர் அடித்தும் இழுப்பு அடங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது... என்ஜின் பிடிக்கவில்லை. மறுபடி... மறுபடி. இரண்டு பக்கமும் மோட்டார் பைக் கூட்டம். கண்ணாடியில் பார்த்தால், மூச்சுக்கு மூச்சு பிள்ளையின் தொண்டைக்குழி உள்ளே போகிறது.

"இன்னும் எத்தன தடவ திருப்புவீக?" என்றாள் மனைவி.

"ஒரு நிமிஷம் வள்ளி, இப்பப் பிடிச்சிரும்."

அவள் காத்திருக்கவில்லை. ஓரமாக நின்ற 'ஷே ஓம்' பைக் டாக்ஸிக்காரரைக் கூப்பிட்டு, பிள்ளையை நடுவில் வைத்து ஏறிப் போய்விட்டாள். இன்னொரு பைக்கில் நானும் போயிருக்கலாம். போகவில்லை. பழுதான பெட்டியைத் திறந்து பார்க்காமல் நகர நம் ஆண்பிள்ளைகளுக்கு முடிகிறதா என்ன?

போன் போட்டதும், ஊரின் சீனக் கடைத்தெருவான சோலோனிலிருந்து மெக்கானிக் லாம் வந்தார். பிளக் வயரைக் கழற்றி, என்ஜினைச் சுற்றவிட்டுப் பார்த்தார். பொறி இல்லை.

அந்தக் காலக் கார்களில் 'பாயிண்ட்' என்ற சின்ன இரும்பு திறந்து மூடிப் பொறியை வரவழைக்கும். தொண்ணூறுகளில் வந்த என் காரில் அது கம்ப்யூட்டர் வேலை. 'என்ஜின் இப்போது இந்த இடத்தில் சுற்றுகிறது' என்று, பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சென்சார் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதைக் கேட்டுத்தான் கம்ப்யூட்டர், பொறிக்கு மின்சாரம் தரும் காயிலுக்கு உத்தரவு போடும் — இப்போது பொறி விடு. சென்சார் வாயை மூடிக்கொண்டால்? பேட்டரி, பெட்ரோல் எல்லாம் இருந்தும் கார் வெறும் கட்டை.

லாம் சென்சாரின் கனெக்டரைப் பிடுங்கினார். உள்ளே சிவப்பாகச் சேறு.

"என்ன இது?" என்றார் வியட்நாமியத்தில்.

குங்குமம். முதல்நாள் ஆயுத பூஜை. பானெட்டைத் திறந்து ஹோஸ் பைப்பால் குளிப்பாட்டி, கண்ணில் பட்டதற்கெல்லாம் சந்தனமும் மாரியம்மன் கோயில் குங்குமமும் வைத்தது நான்தான். ஈரத்தோடு கரைந்து இறங்கியிருக்கிறது.

துடைத்து, ஊதி, காயவைத்தார். முதல் திருப்பிலேயே கார் உறுமியது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. எந்த வயர் எங்கே போகிறது என்றுகூட லாமிடம் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் செல்போன் அடித்தது. வள்ளி.

"மருந்துப் புகை வச்சாக. இப்பத் தேவல. அப்பா எங்கன்னு கேட்டா."

"என்ன சொன்ன?"

"காருக்கு ஒடம்பு சரியில்ல, கூட இருக்காகன்னேன். 'பாவம் கார்'னு சொல்லிட்டுத் தூங்கிட்டா."