மகளின் குரலும் எட்டு ஓம்ஸ் ஸ்பீக்கரும்

ஓய்வுபெற்ற என் கணவருக்கு ஸ்பீக்கர் பைத்தியம் பிடித்தது. அம்பிட்டிய வீட்டு முன்னறையில் எங்கு கால் வைத்தாலும் வயர். கூட்டப் போனால் தொடாதே என்பார். கதிரையில் உட்கார்வார், எழுந்து வயரைக் கழற்றுவார், மாட்டுவார், மறுபடி உட்கார்வார். ஓரிடத்தில் இருக்காத மனிதரைப் பார்த்துப் பார்த்து எனக்கும் நிலைகொள்ளவில்லை.

பாட்டுக் கேட்கத்தான் வாங்கினார். ஆனால் ஒரு பாட்டையும் முழுதாகக் கேட்டதில்லை. கொழும்பில் வேலை கிடைத்துப் போன எங்கள் ஒரே மகள், தங்கியிருக்கும் போர்டிங்கில் இருந்து அனுப்பிய ஒரு குரல் செய்தியைத்தான் திரும்பத் திரும்பப் போடுவார். 'அம்மா, நல்லா இருக்கேன். சாப்பிட்டேன். வேலையெல்லாம் நல்லா போகுது.' போனிலேயே கேட்டுவிட்டு நிம்மதியாக இருந்த எனக்கு அது மனப்பாடமாகிவிட்டது. ஏன் இப்போதெல்லாம் போன் எடுத்துப் பேசுவதில்லை என்று கேட்டால், வேலை அதிகம் என்று எழுதி அனுப்புவாள். நானும் அதை நம்பினேன்.

முதலில் அம்ப்ளிபயர் கொதித்து, பேச்சின் நடுவில் அணைந்துபோனது. எட்டு ஓம்ஸ் ஸ்பீக்கருக்குச் செய்த அம்ப்ளிபயரில் நாலு ஓம்ஸ் ஸ்பீக்கரை மாட்டினால் அது தாங்காதாம். அந்த ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி மடவளைக் கடைக்குப் போய் எட்டு ஓம்ஸாக மாற்றி வந்தார். பிறகு அடியதிர்வுக்கென்று சப்வூஃபர் பெட்டி வந்தது. அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது, மகள் வாளிக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் கேட்டது. ஒருநாள் பொறுக்க முடியாமல், பெத்த பிள்ளையின் குரலை ஆம்பிளைக் குரலாக்கிய ஒரே அப்பா நீங்கள்தான் என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. சப்வூஃபருக்கு அடியதிர்வு மட்டும் போகும்படி குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்.

சனிக்கிழமை மத்தியானம் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அடுப்பில் பருப்பு இருக்கிறது என்றேன். இருக்கட்டும் என்றார். இரைச்சல் இல்லை, அதிர்வு இல்லை. மகள் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் இருந்தது. 'நல்லா இருக்கேன்' என்றதற்கும் 'சாப்பிட்டேன்' என்றதற்கும் நடுவே அவள் மூக்கை உறிஞ்சினாள், மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அழுது முடித்தவள் பேசுகிற பேச்சு அது.

"இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே கேட்டுச்சு. செட்டுல பிழையா இருக்கும்னு நெனச்சேன்." அம்ப்ளிபயரை அணைத்தார். "இப்ப செட்டுல ஒரு பிழையும் இல்ல."

அந்த மனிதர் இத்தனை நாளும் ஸ்பீக்கரில்தான் பிழை இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு திரிந்திருக்கிறார். நான் போனை எடுத்து மகளுக்கு அடித்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தேன். மூன்றாம் தடவைதான் எடுத்தாள். நல்லா இருக்கியா என்று நான் கேட்கவில்லை. என்னம்மா ஆச்சு என்றுதான் கேட்டேன்.



"அம்மா, நான் வீட்டுக்கு வந்துரட்டுமா?"

வா என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் நின்று கேட்ட அவர் அதற்குள் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். பொத்தான்கள் மாறிப் பூட்டியிருந்தன.

"தனியா வர வேணாம்னு சொல்லு," என்றார். "நாம போறோம்."