தாங்கியின் வாய்

வேன் வண்டியில் தண்ணீர் ஏற்றிச் சென்று, வீட்டு முற்றங்களிலும் மதில்களிலும் படர்ந்த பாசியைக் கழுவிக் கொடுப்பது எங்கள் தொழில். 'எங்கள்' என்ற சொல்லில் நானும் என் துணைவியாரும் மட்டுமே அடங்குவோம். இருவருக்கும் அறுபது கடந்துவிட்டது. தண்ணீரை நாங்களே கொண்டுபோவதற்குக் காரணம் உண்டு. வெயில் காலத்தில் மாத்தளை மாவட்டத்து நாவுலப் பக்கத்துக் கிணறுகள் அடி தெரியக் கிடக்கும்போது, மதில் கழுவத் தண்ணீர் கேட்பது முறையன்று.

ஐந்நூறு லீற்றர் கொள்ளும் கறுப்புப் பிளாஸ்டிக் தண்ணீர்த் தாங்கி ஒன்றை வேனில் வைத்திருந்தோம். வீட்டுக் கூரைமேல் அசையாமல் இருப்பதற்கென்று செய்யப்பட்டது அது. வேனின் குலுக்கலில் உள்ளே படிந்த பாசி உதிரும் என்பதால், வாரம் ஒருமுறை அதனை இறக்கி, முற்றத்தில் சரித்துக் கிடத்தி, உட்புறத்தைத் தேய்த்தாக வேண்டும். ஒரு வாரம் சோம்பலினால் விட்டுவிட்டோம். மறுநாளே குழாயிலிருந்து பச்சை நூலாகப் பாசி வந்து வெள்ளை மதிலில் ஒட்டிற்று.

"பாசி கழுவ வந்தீங்களா, பாசி நட வந்தீங்களா?" என்று அந்த வீட்டு அம்மாள் கேட்டார். அதன்பின் நாங்கள் ஒரு வாரமும் தவறியதில்லை.

தாங்கியின் வாய் குறுகலானது. என் தோள் அதனுள் நுழையாது. துணைவியார் சிறிய உடம்புக்காரர். தலையை முதலில் விட்டுத் தவழ்ந்து உள்ளே போய், குந்தியிருந்து தேங்காய் நாரால் தேய்ப்பார். முடிந்ததும் உள்ளேயே திரும்பி, காலை நீட்டி உந்தி, தலையை முதலில் நீட்டி வெளியே வருவார். வரும்போதெல்லாம், "அடுத்த வாரம் என்னால முடியாது" என்பார். அடுத்த வாரமும் அவரே போவார்.

கடந்த தை மாதத்தில் ஒரு காலை அவர் வெளியே வரவில்லை.

"என்னங்க, முட்டி பூட்டிக்கிருச்சு. கால் நீள மாட்டேங்குது."

நான் வாயருகே மண்டியிட்டேன். உள்ளிருந்து, பாசி போகத் தூவிய வெளிற்றுத்தூளின் நெடி முகத்தில் அடித்தது. "இன்னொருக்கா நீட்டிப் பாரு" என்றேன். முயன்றார், அலறினார். சற்றுப் பொறுத்து, "இன்னொருக்கா" என்றேன்.

மறுநாள் நாவுலயில் ஒரு கல்யாண வீட்டு முற்றத்தைக் கழுவித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அவரை எடுக்கத் தாங்கியை அறுத்தால் அந்த வேலை போகும். என் நாவை ஆண்டது அந்த எண்ணமே என்பதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

அலறல் கேட்டுப் பக்கத்து வீட்டு முஸ்லிம் பெரியவர், நாங்கள் அண்ணன் முறையில் நானா என்றழைப்பவர், மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு இரும்பு அறுக்கும் வாளுடன் வந்தார். குனிந்து உள்ளே பார்த்தார்.

"தங்கச்சி, உள்ளுக்கே இருக்கிறதுன்டா சொல்லுங்க, சோறு அனுப்புறேன்."

"அனுப்புங்க நானா, மாசிச் சம்பலை மறந்துராதீங்க. ஆனா வாளை எடுத்துட்டுப் போயிருங்க. போன வருசம் வாங்குன டேங்கி இது."

மூவரும் சிரித்தோம். சிரித்த வாயாலேயே நான் மூன்றாம் முறையும் "இன்னொருக்கா" என்றேன்.

பிறகு அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. வெயில் ஏறிக் கறுப்புப் பிளாஸ்டிக்கைத் தொட முடியாதபடி சுட்டது. இருமலுக்கிடையில், "வெட்டாதீங்க, வந்துருவேன்" என்ற குரல் மெலிந்து வந்தது. அப்போதும் நான், "சரி, இன்னொருக்கா" என்றேன்.

நானா என் கையைப் பிடித்து, அதில் வாளைத் திணித்தார். "ஆள் வேணுமா, டேங்கி வேணுமா? அறுங்க!"

அறுத்தேன். வாயின் விளிம்பிலிருந்து முழ நீளம் அறுத்ததும் நானா பிளவை விரித்துப் பிடித்தார். மடங்கிய காலோடு துணைவியாரை இழுத்து வெளியே கிடத்தினோம். மூச்சு வாங்கிய பிறகு அவர் சொன்ன முதல் வார்த்தை, "பாழாக்கிட்டீங்களே" என்பது.

நாவுல வேலை போயிற்று. நான்கு நாள் கழித்து, முட்டியில் துணி சுற்றியபடி அவரும் என்னுடன் மாத்தளைக் கடைக்கு வந்தார். கடைக்காரர் மூன்றடுக்குச் சுவருள்ள தாங்கியைத் தட்டிக் காட்டி, பாசியே பிடிக்காது என்றார். துணைவியார் அதனைக் கேளாதவர் போல ஒவ்வொரு தாங்கியின் மூடியையும் திருகித் திறந்துகொண்டே போனார்.

"எல்லாரும் வெளியில பாத்துத்தான் வாங்குவாங்க. நீங்க என்னம்மா உள்ளுக்குப் பாக்குறீங்க?"

"நான் உள்ள இருந்து வந்தவ தம்பி."

இறுதியில் இருநூறு லீற்றர் கொள்ளும் குட்டைத் தாங்கி ஒன்றின் முன் நின்றார். அதன் வாய் அகன்றிருந்தது. "கையை உள்ள விடுங்க" என்று என்னிடம் சொன்னார். கடையில் நின்ற அத்தனை பேர் முன்னிலையிலும் நான் சட்டைக் கையைச் சுருட்டி, தோள்வரை விட்டேன். விரல் அடித்தளத்தைத் தொட்டது, மூலையையும் தொட்டது.

"இதுல ரெண்டு குடுங்க" என்றார் அவர். "இனிமே இவருதான் தேய்ப்பாரு."

ஐந்நூறு லீற்றர் நானூறாகக் குறைந்தது. பெரிய முற்றமென்றால் இனி நடுவில் ஒருமுறை தண்ணீருக்குத் திரும்பி வர வேண்டும். அந்தக் களைப்பை நினைத்துக்கொண்டே வேனை ஓட்டினேன். நகரம் தாண்டிற்று.

"உள்ள எல்லாம் கேட்டுச்சு" என்றார் துணைவியார், வீதியைப் பார்த்தபடி. "இன்னொருக்கா, இன்னொருக்கான்னு மூணு தரம் சொன்னீங்க."

"நாலு தரம்" என்றேன்.

அவர் வீக்கம் வற்றாத காலை நீட்ட இடமின்றி அசைந்துகொண்டிருந்தார். நான் வேனை ஓரமாக நிறுத்தி, இறங்கிச் சுற்றிப் போய், அவரது இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிக் கொடுத்தேன்.